சத்தம் போடாதவருக்குக் குதிரை

எழுபதுகளின் நடுப்பகுதி. டிசம்பர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்று, மத்தியானம் ஒரு மணி இருக்கும். சிட்னிக்கு மேற்கே, நீலமலைகளின் அடிவாரத்தில் ஒரு சின்ன ஊரில் அப்போது குடியிருந்தோம். நான் வேலை செய்த தொழிற்சாலை செவன் ஹில்ஸில். அதற்குப் பக்கத்திலேயே வீடு பார்த்திருக்கலாம். நான்தான், "மரம், பறவை, சுத்தமான காற்று, மூத்தவளின் நெஞ்சுக்கு நல்லது" என்று மனைவிக்கு ஒரு வாரம் பிரசங்கம் செய்து எல்லோரையும் மலையடிக்குக் கூட்டிப்போனவன். மரம் என்றால் எரியும் என்பதை வீட்டுக்காரரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மூத்தவளுக்கு அப்போது எட்டு வயது. கைக்குழந்தையாக இருந்த நாளிலிருந்து அவளுக்குத் தொய்வு. அதாவது மூச்சு இழுக்கும் வருத்தம். வாயில் வைத்து அடிக்கிற ஒரு சின்னப் பம்பு டொக்டர் கொடுத்திருந்தார். இரண்டாவது பிள்ளை பையன், நாலு வயது. அவனுக்கு ஒரு வருத்தமும் இல்லை, வாய் ஒன்றைத் தவிர. மனைவி சனி ஞாயிறுகளில் மெரிலேண்ட்ஸில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்வாள். ஆகவே சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு நான் தாய், நான் தகப்பன், நான்தான் சர்க்கஸ் கோமாளியும்.

கோமாளி என்பதை அடக்கத்தோடு சொல்லவில்லை. அன்று சிட்னியில் தமிழ்க் குடும்பங்களை விரல் விட்டு எண்ணலாம். அத்தனை வீட்டுக் கொண்டாட்டங்களிலும் பகிடி விடுவது என் பொறுப்பு. வீட்டில் அதற்கு இன்னொரு உபயோகமும் இருந்தது. கெட்ட செய்தி எது வந்தாலும் பிள்ளைகளின் காதில் விழாமல் பகிடியால் மூடிவிடுவேன். சம்பளம் வெட்டு, மனைவியின் கண்ணீர், ஊரிலிருந்து வரும் தந்தி எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு பகிடி இருந்தது. பிள்ளைகளுக்குப் பயம் தெரியக்கூடாது என்பது எங்கள் ஆட்களுக்கு எழுதாத சட்டம். நானும் கண்ணும் கருத்துமாய்க் காத்துவந்தேன்.

அன்று காற்று வடமேற்கிலிருந்து அடித்தது. சூடான தாச்சிச்சட்டிக்கு மேலே முகத்தைப் பிடித்ததுபோல இருந்தது. வானம் வெங்காயத் தோல் நிறம். பக்கத்து வீட்டுக்காரர், றெயில்வேயில் வேலை செய்து ஓய்வு பெற்ற வெள்ளைக்காரக் கிழவர், கூரைமேல் ஏறி நின்று மழைத்தண்ணீர் ஓடும் பீலிகளின் வாயில் பழைய டென்னிஸ் பந்துகளை அடைத்துத் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தார். நான் வேலியருகே நின்று, "என்ன, இன்று கூரைக்குத் தோய்ச்சலா?" என்று கேட்டேன். என் எந்தப் பகிடிக்கும் முதலில் சிரிக்கிற மனிதர் அவர். அன்று சிரிக்கவில்லை. மலைப்பக்கம் கையைக் காட்டினார். மேட்டுக்குப் பின்னால் ஒரு மண்ணிறப் புகை எழுந்து நின்றது.

"நண்பா, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இப்பவே போ. நெருப்போடு மல்லுக்கட்டுகிற நாங்கள் பிள்ளைகுட்டிக்காரரையும் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது" என்றார்.

இனி நடந்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் சொல்லத்தானே எழுதுகிறேன். உள்ளே ஓடிச் சாப்பாட்டு மேசையை மூன்று தரம் சுற்றினேன். ஏன் சுற்றினேன் என்று இன்றுவரை தெரியாது. பிறகு கட்டிலுக்குக் கீழிருந்த சான்றிதழ்ப் பெட்டியை இழுத்தேன். கப்பலேறி வந்த யாழ்ப்பாணத்தான் வீடு பற்றினால் முதலில் அதைத்தான் தேடுவான். வீடு போனால் வேறு வீடு வாடகைக்கு எடுக்கலாம். சான்றிதழ் போனால் நான் படித்தவன் என்று இந்த நாட்டுக்கு யார் சாட்சி சொல்வது? அதைக் காரில் ஏற்றிவிட்டுத் திரும்ப ஓடிக் குசினிக்குள் போனேன். மாமி வறுத்து இடித்துக் கப்பலில் அனுப்பிய மிளகாய்த்தூள் டின் கண்ணில் பட்டது. அதையும் தூக்கினேன். மூன்றாவது ஓட்டத்தில் துணி அழுத்தும் அயன்பெட்டி. தண்ணீர் எடுக்கவில்லை. பிள்ளைகளுக்குச் சப்பாத்து எடுக்கவில்லை. மருந்து என்ற சொல்லே தலைக்குள் இல்லை.

மூத்தவள் வாசலில் வெறுங்காலோடு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, நெருப்போ?"

"சீச்சீ! நெருப்புமில்லை கிருப்புமில்லை. நாங்கள் பிக்னிக் போறம்."

அவள் என் ஒரு கையில் இருந்த அயன்பெட்டியைப் பார்த்தாள். மற்றக் கையில் இருந்த மிளகாய்த்தூள் டின்னைப் பார்த்தாள். "சரியப்பா" என்றாள். பிறகு வீட்டுக்குள் ஓடினாள். "எங்க போறாய், வா கெதியா!" என்று கத்தினேன். அரை நிமிடத்தில் வந்துவிட்டாள். என்ன எடுத்தாய் என்று கேட்டதற்கு, "ஒண்டுமில்லை" என்றாள். கேட்டுக்கொண்டு நிற்க எனக்கு நேரமில்லை.

பிள்ளைகளைக் காரில் ஏற்றிய பிறகுதான் என் மூளை தன் மிகப் பெரிய கெட்டித்தனத்தைச் செய்தது. இரண்டு துவாய்களைக் குழாயில் நனைத்து வந்து பின் ஆசனத்தில் இருந்த இரண்டு தலைகளிலும் போட்டேன். புகைக்கு நல்லது என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தேன். ஆனால் உண்மையான காரணம், அவர்கள் வெளியே பார்க்கக்கூடாது என்பதுதான்.

"இது ஒரு விளையாட்டு" என்றேன். "துவாயை எடுக்கக்கூடாது. எட்டிப் பாக்கக்கூடாது. கதைக்கக்கூடாது, சிரிக்கக்கூடாது, தும்மக்கூடாது, இருமக்கூடாது. சத்தம் போடுறவர் தோல்வி. சத்தம் போடாதவருக்கு ஐஸ்கிறீம்!"

அந்த 'இருமக்கூடாது' சும்மா வாய்ப் போக்கில் வந்து விழுந்தது. சிரிக்க, தும்ம என்று அடுக்கும்போது அடுத்ததாக நாக்கில் நின்ற சொல்.

ஊரைவிட்டு இறங்குவதற்கு ஒரே றோட்டுத்தான். அத்தனை ஊரும் அதில் நின்றது. ஒரு காரின் வாலில் அடுத்த காரின் மூக்கு. புகை உள்ளே வராமல் கண்ணாடிகளை ஏற்றிவிட்டேன். ஆசனத்து றெக்சின் தொடையைச் சுட்டது. ஒரு வளைவில், எரிகிற யூக்கலிப்டஸ் இலை ஒன்று மெதுவாக வந்து முன் கண்ணாடியில் ஒட்டி, சுருண்டு, அணைந்தது. நான் "ஆகா, இப்ப ஒரு வடிவான பாலத்துக்குக் கிட்ட வந்திட்டம்!" என்றேன். பாலமும் இல்லை, ஒன்றும் இல்லை. இடது பக்கம் மேடு முழுக்கச் சிவந்து கிடந்தது.

எனக்குப் பயம் கூடக்கூடப் பரிசும் கூடியது. ஐஸ்கிறீம் ஒரு மைலில் மிருகக்காட்சிசாலையானது. மிருகக்காட்சிசாலை நாய்க்குட்டியானது. பொலிஸ்காரன் கையைக் காட்டி எங்கள் வரிசையை நிறுத்தியபோது, "கடைசி வரைக்கும் சத்தம் போடாதவருக்குக் குதிரை!" என்று அறிவித்தேன்.

"அப்பா, மூத்திரம் வருது" என்றான் சின்னவன்.

"தோல்வி! ஆனால் பறவாயில்லை, மன்னிச்சு விட்டாச்சு, திரும்ப ஆட்டத்துக்கு வா" என்றேன். மூத்திரம் ஆசனத்திலேயே போனது. அது வேறு கதை.

மூத்தவளிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல், ஒரு சின்னச் செருமல்கூட இல்லை. எனக்கு உள்ளுக்குள் பெருமை. என்ன அருமையான பிள்ளை, எப்படி அடங்கி இருக்கிறாள், நான் எவ்வளவு திறமையான தகப்பன் என்று அந்தப் புகைக்குள்ளும் என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

ஆற்றைத் தாண்டிச் சமதரையில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தைத் திறந்து வைத்திருந்தார்கள். வெள்ளைக்காரப் பெண்கள் சாண்ட்விச்சுக்குப் பாணை வெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு கையில் சின்னவனையும் மறு கையில் சான்றிதழ்ப் பெட்டியையும் தூக்கிக்கொண்டேன். தார் சுடும் என்பதால் மூத்தவளை என் சப்பாத்துகள்மேல் ஏறி நிற்கச் சொல்லி, நடனம் ஆடுகிறவன்போல உள்ளே போனேன். சிலர் சிரித்தார்கள். எனக்கு உயிர் வந்ததுபோல இருந்தது. பயம் போனதும் பகிடிக்காரன் திரும்பிவிட்டான்.

வாசலுக்குப் பக்கத்தில் ஒரு மேசை. அதற்குப் பின்னால் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், தசை பிடித்த கைகள், கழுத்தெல்லாம் வெயில் புள்ளிகள். தாதியாக வேலை செய்கிறவர், அன்று லீவு நாளில் உதவிக்கு வந்தவர் என்று பிறகு அறிந்தேன். என்னோடு ஒரு சொல்லும் பேசாமல் எழுந்து வந்து, மூத்தவளுக்கு முன்னால் தரையில் முழங்காலிட்டார்.

"எப்படி இருக்கிறாய், செல்லம்?"

"அவள் நல்லாயிருக்கிறாள்" என்றேன் நான்.

"மூச்சு எடுக்கக் கஷ்டமாக இருக்கிறதா?"

"இல்லை, இல்லை. கெட்டிக்காரி. வழியெல்லாம் ஒரு சத்தம் போடவில்லை" என்றேன் நான்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நான் அவளைக் கேட்டேன்" என்றார்.

எங்கள் ஆட்களிடம் பிள்ளையைக் கேட்டால் தகப்பன்தான் பதில் சொல்வான். அதில் ஒரு பிழை இருக்கும் என்று அந்த நிமிடம்வரை எனக்குத் தோன்றியதேயில்லை. அவர் தன் பெருவிரலால் பிள்ளையின் கீழ் உதட்டை மெல்லப் பிரித்து உள்பக்கத்தைப் பார்த்தார். கை நகங்களைப் பார்த்தார். சட்டையின் முதல் பொத்தானைக் கழற்றினார். அப்போதுதான் நானும் பார்த்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக்குழி உள்ளே போய் வந்தது. நகங்கள் நீலம் பாய்ந்து கிடந்தன. எங்கள் கறுத்த தோலில் தெரியாதது அங்கே தெரிந்தது. அவள் வாயைத் திறந்து ஏதோ சொல்லப் பார்த்தாள், சொல் வரவில்லை. என்னைப் பார்த்தாள். ஆட்டம் முடிந்துவிட்டதா என்று கேட்கிற பார்வை.

"முடிஞ்சுது பிள்ளை, நீ வெண்டிட்டாய்" என்றேன்.

உடனே அவள் சட்டைப் பைக்குள் கையை விட்டாள். வெளியே வந்தது அந்தப் பம்பு.

வீட்டுக்குள் ஓடி அவள் எடுத்து வந்தது அதைத்தான். சான்றிதழும் மிளகாய்த்தூளும் அயன்பெட்டியும் காப்பாற்றிய நாற்பது வயது மனிதனுக்கு வராத யோசனை அந்த எட்டு வயதுக்கு வந்திருக்கிறது. மருந்து வழி முழுவதும் அவள் பையில் இருந்தது. அவள் அடிக்கவில்லை.

தாதி அவளைக் கதிரையில் நிமிர்த்தி, முன்னுக்குச் சாய்த்து இருத்திப் பம்பை அடித்துவிட்டார். அம்புலன்சுக்கு ஆள் அனுப்பினார். இரண்டாவது தரம் அடித்த பிறகு மூச்சோடு கொஞ்சம் சொல்லும் வந்தது. ஏன் முன்பே அடிக்கவில்லை என்று தாதி கேட்டார். மூத்தவள் ஆங்கிலத்தில்தான் பதில் சொன்னாள், துண்டு துண்டாக. பம்பை அடித்தால் 'புஸ்' என்று சத்தம் வரும். சத்தம் வந்தால் தோல்வி.

"குதிரை அவ்வளவு பிடிக்குமா?" என்றார் தாதி.

அவள் இல்லையென்று தலையாட்டினாள். "அப்பாவுக்குப் பயம். விளையாட்டு அப்பாவுக்காகத்தான்" என்றாள்.

அந்த மண்டபத்தில் நான் சான்றிதழ்ப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. துவாயின் ஓரத்தால் நெருப்பையும் பார்த்திருக்கிறாள். என் குரல் நடுங்கியதைக் கேட்டிருக்கிறாள். தான் இருமினால் அப்பாவின் கை ஸ்டியரிங்கில் இன்னும் நடுங்கும் என்று கணக்குப் போட்டு, இருமலை விழுங்கிக்கொண்டு வந்திருக்கிறாள்.

தாதி என்னை ஒரு ஓரத்துக்குக் கூட்டிப்போனார். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசவில்லை.

"நெருப்பு என்று பிள்ளைக்குச் சொன்னீர்களா?"

"சொன்னால் பயந்துபோவாளே."

"அவள் பயந்துதான் இருந்தாள். தனியாகப் பயந்தாள், அவ்வளவுதான். தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். அவர்கள் செய்ய ஒரு சின்ன வேலையும் கொடுங்கள்" என்றார். பிறகு அடுத்த குடும்பத்தைப் பார்க்கப் போய்விட்டார். அவருடைய பெயரைக்கூடக் கேட்டு வைக்கவில்லை நான்.

ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் முகமூடி போட்டார்கள். இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் என்று டொக்டர் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து, முடிக்காமல் விட்டார். சாயந்தரம் அவளுக்கு மூச்சு இறங்கிச் சீராகிற நேரம், சின்னவனை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலருகே இருந்தேன். பகிடியில்லாமல் பிள்ளைகளோடு பேசிப் பழக்கமில்லை, தொடக்கமே தெரியவில்லை.

"அது பிக்னிக் இல்லை" என்றேன். "காடு எரியுது. நாங்கள் தப்பி வந்தனாங்கள். எனக்குச் சரியான பயம்."

"எங்கட வீடு எரியுமோ?" என்றான் சின்னவன்.

"தெரியாது மோனை."

என் பிள்ளைகளுக்கு நான் வாழ்க்கையில் முதன்முதலாகச் சொன்ன 'தெரியாது'. அவன் அழுவான் என்று காத்திருந்தேன். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, வீடு எரிந்தால் குதிரையை எங்கே கட்டுவது என்று கேட்டான்.

மூத்தவள் முகமூடியைக் கொஞ்சம் விலத்தினாள். "அப்பா, அப்பப்பாவும் கொழும்புக்குப் போகேல்லத்தானே?"

என் தகப்பனார் யாழ்ப்பாணத்தில் இறந்து அப்போது இரண்டு வருடங்கள். தந்தி வந்த அன்று பிள்ளைகளுக்கு, அப்பப்பா கொழும்புக்கு ஒரு வேலையாகப் போயிருக்கிறார் என்று சொல்லி வைத்திருந்தோம். இரண்டு வருடங்களாக அவர் கொழும்பிலேயே வேலையாக இருந்தார்.

"இல்லை பிள்ளை" என்றேன். "செத்துப்போனார்."

"எனக்குத் தெரியும்" என்றாள். "நீங்கள் குளியலறைக்குள்ள அழுதது கேட்டது." பிறகு முகமூடியைச் சரியாக வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். மூன்று பேருமாக அப்பப்பாவுக்கு அன்றுதான் அழுதோம்.

மனைவி இரண்டு றெயிலும் ஒரு பஸ்ஸும் மாறி வந்து சேர்ந்தாள். பிள்ளையைத் தடவிப் பார்த்தாள், நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள். அதற்குப் பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

"பிள்ளையளின்ர சப்பாத்து எங்க?"

"எடுக்கேல்ல. கொம்மா அனுப்பின மிளகாய்த்தூள் இருக்கு."

"அதைத் தின்னுங்கோ" என்றாள். பிறகு, முழுக் கதையையும் கேட்ட பிறகு, கோபமில்லாமல், மெதுவாகச் சொன்னாள்: "இஞ்சாருங்கோ, பிள்ளையளுக்கு நீங்கள் பகிடி விட்டது காணும், இனிப் போதும்."

காற்றுத் திரும்பியதால் ஊர் தப்பியது. எங்கள் பின்வேலி மட்டும் கரியானது. கூரையில் நின்ற கிழவர் எங்கள் பீலிகளையும் நிரப்பி வைத்திருந்தார் என்பதை வந்துதான் கண்டோம். அடுத்த கோடை தொடங்கியதும் வாசலில் ஒரு பெட்டி வைத்தோம். அதில் என்ன இருக்கவேண்டும் என்று மூத்தவள் பட்டியல் எழுதினாள். தண்ணீர்ப் போத்தல், பம்பு, எல்லோருக்கும் சப்பாத்து, தம்பியின் மாற்று உடுப்பு. என் சான்றிதழ்களுக்கு அவள் கடைசி இடம் கொடுத்தாள். அதுவும் இடம் மிஞ்சினால். கிழமைக்கு ஒரு தரம் பெட்டியைத் திறந்து பார்ப்பது சின்னவனின் வேலை. அந்த நெருப்புக்குப் பிறகு புகை மணம் வந்தாலே படுக்கைக்குள் ஓடி ஒளிந்தவன், இப்போது பெட்டிக்கு ஓடினான்.

கொஞ்சக் காலம் கழித்து ஊரிலிருந்து, தமிழரை அடிக்கிறார்கள் என்று கலவரச் செய்திகள் வந்தன. இலங்கையின் தென்பகுதியில் வேலை செய்த என் தம்பியிடமிருந்து பல நாட்களாகத் தகவல் இல்லை. நானும் மனைவியும் பழக்கதோஷத்தில் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு கிசுகிசுத்தோம். பிறகு ஒருவரையொருவர் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்து, பிள்ளைகளைக் கூப்பிட்டு இருத்திச் சொன்னோம். சித்தப்பா எங்கே என்று எங்களுக்குத் தெரியாது. தேடிக்கொண்டிருக்கிறோம். எங்களுக்கும் பயமாக இருக்கிறது. சின்னவன் கேட்டுவிட்டு, "சித்தப்பாவுக்குப் பயமெண்டால் அவர் ஆரிட்டச் சொல்லுவார்?" என்றான். அந்தக் கிழமை முழுவதும் நாலு பேரும் ஒரே அறையில் படுத்தோம். தம்பி உயிரோடு இருக்கிறான் என்று காகிதம் வந்த அன்று நாலு பேரும் ஒன்றாகவே துள்ளினோம்.

மூத்தவள் இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். தொய்வு அநேகமாக விட்டுவிட்டது. நான் இன்னும் சபைகளில் பகிடி விடுகிறேன், ஆட்கள் சிரிக்கிறார்கள். ஆனால் ஒரு பிள்ளை ஆபத்து நேரத்தில் சத்தமில்லாமல் நல்ல பிள்ளையாக இருப்பதைக் கண்டால் எனக்குப் பெருமை வருவதில்லை, பக்கத்தில் போய்க் குனிந்து, "உனக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டு, அது தன் வாயால் சொல்லும்வரை நின்றுவிடுகிறேன்.